தேயிலை மலைச் சபைகள் யாருடன் நின்றன?

ரெஜினால்ட் கோப்பிள்ஸ்டன் முப்பது வயதில் கொழும்பின் அங்கிலிக்கன் பேராயரானவர். 1876இல் இலங்கைக்கு வந்து சேர்ந்த சில மாதங்களிலேயே தம் சொந்தத் திருச்சபைக்குள் பெரிய வழக்கொன்றில் சிக்கினார். மலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரிடையே ஊழியம் செய்த உபதேசிமார் யாருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதே வழக்கு. பேராயரும் அவருக்குக் கீழிருந்த துரைமார் கோயில் குருமாரும் சொல்வதைக் கேட்க வேண்டுமா? அல்லது அந்த ஊழியத்தை நடத்திவந்த, சி.எம்.எஸ். எனப்படும் திருச்சபை மிஷனரிச் சங்கத்தின் சொல்லைக் கேட்க வேண்டுமா? மிஷனரிகள் இறங்கிவரவில்லை. பேராயர் அவர்களுடைய ஊழிய உத்தரவுகளைத் திரும்பப் பெற்றார். முறையீடுகள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. அங்குள்ள பேராயர்கள் தலையிட்ட பிறகே, 1880இல், சமாதானம் வந்தது.

வாதாடியவர்கள் ஆங்கிலேயர்கள். வாதத்துக்குப் பொருளானவர்கள் தமிழர்கள்.

மலையகக் கிறிஸ்தவர்களின் நட்பையும் பற்றுறுதியையும் ஆராய முற்படுகிறவருக்கு இந்தச் சண்டை நல்ல வாசல். தோட்டத்துக் கிறிஸ்தவர் ஒருவரைத் தன் பக்கம் இழுக்க எப்போதும் பல கைகள் நீண்டிருந்தன. சம்பளம் கொடுத்த துரை ஒருபுறம், கூட்டிவந்த கங்காணியும் சாதிக்கட்டும் ஒருபுறம், ஞானஸ்நானம் கொடுத்த சபை ஒருபுறம், பின்னாளில் மொழியும் இனமும் ஒருபுறம். இவற்றுக்கு நடுவில், ஒரே லயத்தில் பக்கத்துக் காம்பராவில் வாழும் இந்து அயலவரும் இருந்தார். அந்த அயலவரோடு சேர்ந்து நின்ற காலங்களில் மலையகச் சபைகளின் உறவு உறுதிப்பட்டது. கோயில் மதிலுக்குள் மட்டும் அன்பு பாராட்டிய காலங்களில் அது யாரோ ஒருவருடைய அதிகாரத்துக்குத் துணைபோனது. சுமார் நூற்றெழுபது ஆண்டு வரலாறு இதற்குச் சான்று தருகிறது.

துரைமார் சந்தாவில் ஓர் ஊழியம்

1854இல் கண்டிப் பகுதிக் கோப்பித் தோட்டத் துரைமார் சிலரின் முயற்சியால் தொடங்கியது ‘தமிழ்க் கூலி மிஷன்’. உபதேசிமாரின் சம்பளத்தைத் துரைமார் சந்தாவாகக் கொடுத்தார்கள்; மேற்பார்வைக்கு மிஷனரியை சி.எம்.எஸ். கொடுத்தது. முதல் உபதேசிமார் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து வந்தவர்கள். கோப்பிக் காட்டில் வேலைசெய்தவர்களும் பெரும்பாலும் தென் தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து நடந்து வந்தவர்களே. எனவே உபதேசியின் பேச்சு தொழிலாளிக்கு ஊர்ப் பேச்சாகவே கேட்டது. தோட்டம் தோட்டமாக நடந்து, வேலை முடிந்த வேளையில் லயங்களுக்கு முன்னால் நின்று பிரசங்கித்தவர், எழுத்தறிவித்தவர், தொழிலாளியின் மொழியிலேயே அவரோடு உட்கார்ந்து பேசிய படித்த மனிதர்களில் முதல் வரிசையில் நிற்பவர்.

ஆனால் அவர் தோட்டத்துக்குள் கால்வைக்கத் துரையின் அனுமதி வேண்டும். அவர் வீட்டில் உலை கொதிக்கத் துரையின் சந்தா வேண்டும். அந்தக் காலத்தில் தொழிலாளியின் கழுத்தில் கிடந்த சுருக்கு ‘துண்டு’. கங்காணியிடம் பட்ட கடன் தீர்ந்தால்தான் அந்தச் சீட்டு கிடைக்கும். அது இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக வழியில்லை. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக மிஷனும் அதுவும் ஒரே மலையில் அருகருகே இருந்தன. தனிப்பட்ட உபதேசிமாரின் இரக்கத்தில் குறை காண இதைச் சொல்லவில்லை. படியளப்பவரை எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் அவர்களை நிறுத்திவைத்த ஏற்பாடே இதில் கவனிக்கத்தக்கது.

வழிபாட்டு இடங்களும் இந்தப் பிரிவைக் காட்டின. நுவரெலியாவின் பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852ஆம் ஆண்டினது. டிக்கோயா வார்லியில் உள்ள கிறிஸ்து ஆலயம் 1878இல் கட்டப்பட்டது. புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1879இல் மறைந்தபோது பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இவை துரைமார் குடும்பங்கள் ஆங்கிலத்தில் வழிபடக் கட்டிய கோயில்கள். தொழிலாளியின் ஆராதனையோ தமிழில், பெரும்பாலும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஒரே ஜெபத்தைச் சொன்னவர்கள் வெவ்வேறு கூரைகளின் கீழ் அதைச் சொன்னார்கள்.

மிஷன்கள் விட்டுச்சென்ற ஒரு காரியம் மட்டும் எல்லா வேலிகளையும் தாண்டியது. அது பள்ளிக்கூடம். தோட்ட நிர்வாகங்கள் பிள்ளைகளின் படிப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று 1907இல் சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மிஷன்கள் தோட்டங்களில் எழுத்துக் கற்பிக்கத் தொடங்கிவிட்டன. 1892இல் மெதடிஸ்த மிஷனரிகள் ஹட்டனில் தொடங்கிய பாடசாலை, இன்று ஹைலண்ட்ஸ் கல்லூரி என்ற பெயரில் மலையகத்தின் முன்னணித் தமிழ்ப் பாடசாலைகளில் ஒன்றாக நிற்கிறது. அங்கே படித்து ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். மலையகத்தில் சபைகளுக்கு இன்றும் இருக்கும் மரியாதையில் பெரும்பகுதி அந்த வகுப்பறைகள் தேடித் தந்தது.

ஒரே கூரை, ஒரே சுவர்

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தில் இந்துக்கள் பாதிக்குச் சற்று மேல். கத்தோலிக்கரையும் மற்றக் கிறிஸ்தவர்களையும் கூட்டினாலும் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஒரு தோட்ட டிவிஷனில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவையாகவே பெரும்பாலும் இருக்கும். இந்தக் கணக்கே அவர்களுடைய நட்பின் இயல்பைத் தீர்மானிக்கிறது. தங்களுக்குள் மட்டும் பழகி வாழும் வசதி அவர்களுக்குக் கிடையாது.

லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடுக்கிய காம்பராக்கள். ஒரு வீட்டின் இருமலும் சண்டையும் தாலாட்டும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் மதம் பார்த்து நிரை பிடிப்பதில்லை. பிள்ளைக்காம்பராவில் அந்தோனியும் முருகனும் ஒரே பாயில் தூங்குகிறார்கள். சாவு விழுந்தால் மரண உதவிச் சங்கம் பணம் கொடுக்கும். அதற்குச் சந்தா கட்டியவர்கள் எல்லோரும் உறுப்பினர்கள். குழி வெட்டுவதும், மழையில் வழுக்கும் பாதையில் பெட்டியைத் தோள்மாற்றித் தூக்கிப்போவதும் அயலவர் வேலை. பாதிரியார் பெரும்பாலும் தொலைவிலுள்ள நகரத்திலிருந்து வர வேண்டியவர். அவர் வந்துசேரும் வரை துக்க வீட்டைத் தாங்குபவர்கள் லயத்துச் சனங்களே.

திருவிழாக்களிலும் இந்தக் கொடுக்கல்வாங்கல் உண்டு. மாரியம்மன் திருவிழாவின் பொங்கல் கிறிஸ்தவ வீட்டுக்கும், நத்தார் பலகாரம் இந்து வீட்டுக்கும் போகும். மடு மாதாவுக்கும் புனித அந்தோனியாருக்கும் நேர்த்திவைப்பவர்களில் இந்துக்கள் ஏராளம். நெருடல் இல்லாமலும் இல்லை. திருவிழாப் பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கும்போது கிறிஸ்தவரும் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி எழும். படைத்த உணவைச் சாப்பிடலாமா என்ற கேள்வியும் எழும். பெரும்பாலான இடங்களில் இதைப் பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். சாமி காரியத்துக்கு இல்லை, அன்னதானத்துக்குத் தருகிறோம் என்பது போன்ற நடுவழிகள் அப்படிப் பிறந்தவை.

சாதி விஷயத்தில் இந்த நெகிழ்வு குறைவு. ஞானஸ்நானம் பெற்ற பிறகும் கல்யாணப் பேச்சில் சாதி வந்து குந்திக்கொள்வது மலையகச் சபைகள் மறைக்க முடியாத உண்மை. கங்காணிமார் தங்கள் ஊராரையும் உறவினரையும் கூட்டங்கூட்டமாக அழைத்துவந்ததால், தோட்டத்துக்குள் சாதி வரிசையும் அப்படியே இறங்கியது. ஒரே பந்தியில் நற்கருணை வாங்குபவர்கள் பெண் கொடுக்கத் தயங்குவார்களானால், அந்தச் சகோதரத்துவம் பாதி வழியில் நின்றுவிட்டது என்றே சொல்ல வேண்டும். இளைய தலைமுறையின் காதல் திருமணங்கள் இந்தக் கட்டைத் தளர்த்திவருகின்றன. அதில் சபைத் தலைமைகள் இன்னும் துணிந்து அவர்கள் பக்கம் நிற்கலாம்.

குடியுரிமை பறிபோனபோது

1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். இந்து, கிறிஸ்தவர் என்று சட்டம் பிரித்துப் பார்க்கவில்லை. அப்போது நாடாளுமன்றத்தில் அதை எதிர்த்தவர்களில் ஒருவர் காங்கேசன்துறை உறுப்பினர் சா. ஜே. வே. செல்வநாயகம். யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர், பெயர்பெற்ற சட்டத்தரணி. தோட்டத் தொழிலாளர் அவருடைய வாக்காளர்கள் அல்லர், உறவினரும் அல்லர். யாழ்ப்பாணத்து மேல்தட்டு மலையகத்தாரைத் தாழ்வாக நோக்கிய காலம் அது. அவருடைய கட்சித் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்தபோது செல்வநாயகம் கட்சியை விட்டு வெளியேறினார். 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது. மலையகத்தாரின் குடியுரிமை அந்தப் பிரிவின் முக்கியக் காரணங்களில் ஒன்று. தன் கட்சியை இழந்தாலும் பரவாயில்லை என்று, தனக்கு எந்த வகையிலும் கடமைப்படாதவர்களுக்காக ஒருவர் நின்றார். இந்தக் கட்டுரை தேடும் பற்றுறுதிக்கு நல்ல எடுத்துக்காட்டு அது. பிற்கால வடக்கு அரசியல் அந்த அளவுக்கு மலையகத்தை நெஞ்சில் வைத்திருந்ததா என்பது வேறு கேள்வி.

1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று இரு தலைநகரங்கள் ஆட்களைப் பங்கிட்டன. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்கவில்லை. அண்ணன் இந்தியாவுக்கு விண்ணப்பித்திருப்பார். தம்பி இங்கேயே இருப்பார். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலை மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். வழியனுப்ப வந்தவர்களின் அழுகை அந்தப் பெயரைக் கொடுத்தது.

சபைகளுக்கும் இது பேரிழப்பு. பாடகர் குழுவில் பாதி, ஞாயிறு பள்ளி ஆசிரியர், ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்று ஆள்கள் போய்க்கொண்டேயிருந்தார்கள். போனவர்களில் பலர் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி என நீலகிரியின் தேயிலைக்கே திரும்பினார்கள். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு அமைத்த டான்டீ தோட்டங்களில் மறுபடியும் லயத்து வாழ்க்கை தொடங்கியது. அங்கே அவர்கள் ‘சிலோன்காரர்’ ஆனார்கள். பிறந்த மண்ணில் இந்தியத் தமிழர், பாட்டன் மண்ணில் சிலோன்காரர் என்றிருந்தவர்களுக்கு, இரண்டு கரையிலும் மாறாத பழக்கமாகக் கைகொடுத்தவற்றில் அம்மன் கோயில் திருவிழாவும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும் அடங்கும்.

மதிலுக்கு வெளியே வந்தவர்கள்

எழுபதுகளில் மலையகத் திருச்சபையின் திசையைச் சிலர் மாற்றினார்கள். ஆயர் லியோ நாணயக்கார 1959 முதல் கண்டியின் கத்தோலிக்க ஆயர். 1972இல் கண்டி மறைமாவட்டத்தைப் பிரித்து பதுளை மறைமாவட்டம் அமைந்தபோது, வசதியும் பெயரும் உள்ள கண்டியை விட்டுவிட்டு, ஊவாவின் ஏழை விவசாயிகளும் தோட்டத் தொழிலாளரும் நிறைந்த புதிய மறைமாவட்டத்துக்குப் போனார். 1982இல் மறையும்வரை அங்கேயே இருந்தார்.

அதே 1972இல் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் கண்டியில் ‘சத்தியோதய’ நிலையத்தைத் தொடங்கினார். அங்கே சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாக வேலைசெய்தார்கள். தோட்ட மக்களின் நிலையைச் சிங்கள வாசகர்களுக்கும் வெளியுலகுக்கும் எடுத்துச்சொல்வது அதன் பெரிய பணிகளில் ஒன்று. எழுபதுகளின் நடுவில், தோட்டங்கள் தேசியமயமாகிக்கொண்டிருந்த வேளையில், உணவுத் தட்டுப்பாடு மலையகத்தைக் கொடூரமாகத் தாக்கியது. தோட்டத்தை விட்டுத் தெருவில் பிச்சைக்கு வந்தவர்களையும், பட்டினியால் செத்தவர்களையும் நாடு கண்டது. மலையகத்தில் வேலைசெய்த அமைப்புகளை ஒன்றுசேர்த்து தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் 1974இல் உருவானபோது சத்தியோதய அதில் முன்னின்றது. 1979இல் இனங்களுக்கிடையிலான நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம் தோன்றியபோதும் கஸ்பர்ஸ் முன்வரிசையில் இருந்தார். 2017இல் மறைந்தார். தோட்டத் தமிழரின் உரிமைக்காக வாழ்நாள் முழுதும் எழுதிய இவர் தமிழர் அல்லர். கொழுந்தெடுக்கும் பெண்ணின் கூலியும் வாக்குரிமையும் தன் ஜெபத்துக்கு அப்பாற்பட்ட அரசியல் என்று அவர் ஒருநாளும் ஒதுங்கவில்லை.

இலங்கையில் சிங்களவரும் தமிழரும் பெருந்தொகையாக ஒரே மதத்தில் இருப்பது கிறிஸ்தவத்தில்தான். இது பெரும் வாய்ப்பு, பெரும் சோதனையும்கூட. 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்தபோது, அந்தச் சோதனை வந்தது. நுவரெலியா நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன. கண்டி, பதுளை என்று மலைநகரங்கள் பலவற்றிலும் தீ பரவியது. குருநாகல் மறைமாவட்டத்தின் அங்கிலிக்கன் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்கவின் பொறுப்பில் கண்டி, மாத்தளை மாவட்டங்களும் இருந்தன. சிங்களவரான அவர், அந்த ஆண்டு செப்டம்பரில் தம் மக்களுக்கு எழுதிய சுற்றுமடலில், நடந்த கொடுமைக்கு எந்தக் காரணமும் நியாயமாகாது என்றும், சிங்களவர் வெட்கப்பட்டுத் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். அரசின் உயர்மட்டத்திலிருந்து அப்படியொரு சொல் வராத நாட்கள் அவை. அக்டோபரில், 56 வயதில், அவர் காலமானார்.

ஊவாவில் குரு மைக்கல் ரொட்ரிகோ இன்னொரு வழியில் நடந்தார். புத்தளைக்கு அருகே முழுக்கப் பௌத்தர்கள் வாழும் கிராமமொன்றில் சிறு குடிசை போட்டுத் தங்கி, மதம் மாற்றும் எண்ணமின்றி விவசாயிகளோடு வாழ்ந்தார். அரச படைக்கும் கிளர்ச்சி செய்த ஜே.வி.பி.க்கும் நடுவில் கிராமங்கள் நசுங்கிய காலம். ஆபத்து நெருங்கியது தெரிந்தும் கிராமத்தை விட்டுப் போகவில்லை. 1987 நவம்பர் 10ஆம் தேதி திருப்பலி வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்த நால்வரும் விதிவிலக்குகள் என்று சொல்வோர் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. பல சபைகள் அந்த ஆண்டுகளில் மௌனம் காத்தன. பல சிங்களச் சபைகளுக்கு அருகிலிருந்த தமிழ்ச் சபையின் துயரம் எட்டவேயில்லை. ஆனாலும் விதிவிலக்குகளே பிற்பாடு வழியைத் திறந்தன.

இன்றைய பிளவுகள்

இன்று மலையகக் கிறிஸ்தவர்களை இழுக்கும் புதிய கை, சபைப் போட்டி. கடந்த சில பத்தாண்டுகளில் பெந்தெகொஸ்தே சபைகளும் சுயாதீனச் சபைகளும் தோட்டங்களில் வேகமாகப் பரவின. குடியை விட்டவர்கள், நோயிலும் கடனிலும் ஆறுதல் கண்டவர்கள், மேடையேறிச் சாட்சி சொல்லும் தைரியம் பெற்ற பெண்கள் என்று அவற்றால் நன்மையடைந்தவர்கள் நிறையப் பேர். பழைய சபைகள் மாதம் ஒருமுறை வந்துபோன லயங்களுக்குப் புதிய பாஸ்டர்கள் தினமும் போனார்கள். இதை மறுப்பது நியாயமாகாது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. திருவிழாப் பணம் கொடுக்க மாட்டோம், படையல் சாப்பாடு வேண்டாம், தப்பு அடிக்கும் சாவு வீட்டுக்கு வர மாட்டோம் என்ற கட்டுப்பாடுகள் லயத்து உறவில் விரிசல் விடுகின்றன. கத்தோலிக்க மாமியாரும் சபைக்குப் போகும் மருமகளும் ஒரே காம்பராவில் வெவ்வேறு கிறிஸ்தவர்களாக வாழ்கிறார்கள். வெளியிலிருந்தும் நெருக்கடி வருகிறது. புதிய வழிபாட்டு இடங்களுக்கு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டி, சிறு சபைகளின் கூட்டங்கள் பல இடங்களில் தடுக்கப்பட்டன. அப்படித் தடுக்கப்பட்ட சிறு சபைக்காகப் பக்கத்துப் பெரிய சபை வாய் திறந்ததா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதே பதில். கோப்பிள்ஸ்டன் காலத்துச் சண்டையின் வாடை இதில் அடிக்கிறது. இவர்கள் யாருடைய ஆட்கள் என்ற கேள்வி, இவர்களுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வியை முந்திக்கொள்கிறது.

தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு

2023இல் மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நாடு நினைவுகூர்ந்தது. அதையொட்டி ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. முன்னோர்கள் காட்டுவழியே நடந்து, காலராவிலும் பட்டினியிலும் செத்து விழுந்த அதே திசை. ‘மாண்புமிகு மலையக மக்கள்’ கூட்டிணைவும் இலங்கைத் தேசிய கிறிஸ்தவ மன்றமும் சேர்ந்து இதை நடத்தின. வடக்குத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வழியில் வரவேற்றார்கள், கூட நடந்தார்கள். கிறிஸ்தவ அமைப்பு முன்னெடுத்த பயணத்தில் பெரும்பான்மை இந்துக்களைக் கொண்ட ஒரு சமூகத்தின் கோரிக்கைகள் முன்வைக்கப்பட்டன: எங்கள் வரலாற்றையும் உழைப்பையும் அங்கீகரியுங்கள், காணியுரிமை தாருங்கள், வாழப் போதுமான கூலி தாருங்கள். தோட்டத்து உபதேசியைத் துரையின் சந்தாவில் வைத்திருந்த மரபின் வாரிசுகள், சம்பளம் கொடுப்பவரையும் சட்டம் இயற்றுபவரையும் நோக்கித் தொழிலாளியோடு நடந்தது சிறிய மாற்றம் அல்ல.

நடை முடிந்தது. கோரிக்கைகள் முடியவில்லை. நாட்கூலி 1,000 ரூபாய் ஆவதற்கே 2021வரை பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. இந்திய உதவியில் தனிவீடுகள் கட்டப்படுகின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஆனாலும் இலட்சக்கணக்கானோர் இன்னும் லயங்களில்தான். குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்ற உறுதி பலருக்கு இன்னும் உறுதிப்பத்திரமாக மாறவில்லை.

மலையகச் சபைகளுக்கு இங்கே செய்யக்கூடிய வேலை நிறையவே இருக்கிறது. மலைநகரங்களில் ஒரே ஆலயத்தில் காலையில் ஒரு மொழியிலும் பிறகு மறு மொழியிலும் வழிபடும் இரு கூட்டத்தார், காணிக் கோரிக்கை மனுவில் ஒன்றாகக் கையெழுத்திடலாம். சபைப் பள்ளிகளில் படித்து வெளிநாட்டிலும் கொழும்பிலும் நிலைபெற்றவர்கள், தம் தோட்டத்துப் பிள்ளைகளின் உயர்தர விஞ்ஞான வகுப்புக்கு ஆசிரியர்களை அனுப்பலாம். கத்தோலிக்கக் குருவும் பாஸ்டரும் கோயில் ஐயரும் ஒன்றாகத் தோட்ட முகாமையாளரின் அலுவலகத்துக்குப் போய், மண்சரிவு அபாயமென்று அடையாளமிட்ட லயத்திலிருந்து குடும்பங்களை எப்போது மாற்றுவீர்கள் என்று தேதி கேட்கலாம். அடுத்த பருவமழைக்கு முன் அந்தத் தேதி கிடைக்க வேண்டும்.